எஃகுச் சுவரைக் கடக்கும் வளி

பித்தளைக் குடத்தில் நீர் கசிவதில்லை. எரிவளி உருளையின் சுவர் வழியே வளி ஒழுகுவதும் இல்லை. உலோகச் சுவர் எதையும் வெளியே விடாது என்பது அன்றாட அனுபவம் தரும் நம்பிக்கை. அந்நம்பிக்கையை ஹைட்ரஜன் பொய்யாக்குகிறது. நன்கு சூடேறிய இரும்பில் ஒரு விரிசலும் இல்லாதபோதும், அதன் ஒரு புறம் புகுந்து மறுபுறம் வெளிப்படும் ஆற்றல் இவ்வளிக்கு உண்டு. 1860களில் டெவில், ட்ரூஸ்ட் என்னும் பிரெஞ்சு வேதியியலாளர்கள், செஞ்சூட்டில் இருந்த பிளாட்டினம், இரும்பு ஆகியவற்றை ஹைட்ரஜன் ஊடுருவுவதைக் கண்டனர். பல்லேடியம் தன் பருமனைப்போல் பல நூறு மடங்கு ஹைட்ரஜனை உட்கவர்வதை 1866இல் தாமஸ் கிரஹாம் வெளிப்படுத்தினார்.

அணுவாகப் பிரிந்து செல்லுதல்

ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டு அணுக்களால் ஆனது. அது முழு வடிவில் உலோகத்திற்குள் நுழைவதில்லை. உலோகப் பரப்பில் ஒட்டிக்கொண்டதும் அது இரு தனி அணுக்களாகப் பிரிகிறது. உலோக அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட படிக அமைப்பில் சிறு இடைவெளிகள் உள்ளன. மிகச் சிறிய ஹைட்ரஜன் அணு ஓர் இடைவெளியிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவி நகர்கிறது. மறுபரப்பை அடைந்த அணுக்கள் மீண்டும் இரண்டிரண்டாக இணைந்து மூலக்கூறுகளாகி வெளியேறுகின்றன.

ஒவ்வொரு தாவலுக்கும் ஆற்றல் தேவை. வெப்பநிலை உயர உயர அவ்வாற்றல் எளிதில் கிடைப்பதால், ஊடுருவும் வேகமும் மிக விரைந்து கூடுகிறது. அழுத்தத்தின் விளைவோ வேறு வகையானது. அழுத்தத்தை நான்கு மடங்காக்கினால், உலோகத்தில் கரையும் ஹைட்ரஜன் இரு மடங்கே ஆகும். இந்த வர்க்கமூல உறவு சீவெர்ட்ஸ் விதி எனப்படுகிறது. மூலக்கூறு இரண்டாகப் பிரிந்தே கரைகிறது என்பதற்கு இவ்விதி சான்றாகும்.

வெடித்த குழாய்களும் துளையிட்ட எஃகும்

இவ்வியல்பு ஒரு பெருந்தொழிலையே தடுத்து நிறுத்தப் பார்த்தது. நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் இணைத்து அம்மோனியா ஆக்கும் முறையை ஜெர்மானிய அறிஞர் பிரிட்ஸ் ஹேபர் கண்டறிந்தார். அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவரும் பொறுப்பை கார்ல் போஷ் ஏற்றார். ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தமும் 500 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும் அதற்குத் தேவைப்பட்டன. வலிமை மிக்க எஃகுக் குழாய்கள் சுமார் 80 மணி நேரத்திலேயே வெடித்தன.

எஃகின் வலிமைக்குக் காரணம் அதிலுள்ள கார்பன். ஊடுருவிய ஹைட்ரஜன் அக்கார்பனுடன் வினைபுரிந்து மீத்தேன் ஆனது. மீத்தேன் மூலக்கூறு பெரிதாகையால் உலோகத்தினின்று வெளியேற இயலவில்லை. அது உள்ளேயே தங்கி, அழுத்தம் பெருகி, நுண்விரிசல்களை உண்டாக்கியது. கார்பனை இழந்த எஃகும் வலுவிழந்தது.

ஹைட்ரஜனைத் தடுக்க முயல்வதை விடுத்து, அது செல்ல வழிவிடுவதே தீர்வு எனப் போஷ் 1911இல் தெளிந்தார். கார்பன் மிகக் குறைந்த மெல்லிரும்பால் உட்குழாய் ஒன்றை அமைத்தார். அழுத்தத்தைத் தாங்கும் எஃகு உறையை அதன் வெளியே வைத்து, உறையில் சிறு துளைகள் இட்டார். மெல்லிரும்பைக் கடந்த சிறிதளவு ஹைட்ரஜன், எஃகைத் தாக்குமுன் துளைகள் வழியே அழுத்தமின்றி வெளியேறியது. 1913இல் ஓப்பாவ் நகரில் அம்மோனியா ஆலை இயங்கத் தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் உணவு, இம்முறையில் விளையும் உரத்தைச் சார்ந்துள்ளது.

தீங்கும் பயனும்

இன்றைய ஆலைகளில் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு பயன்படுகிறது. இவ்வுலோகங்கள் கார்பனை இறுகப் பற்றிக்கொள்வதால் ஹைட்ரஜனின் தாக்குதல் தடைபடுகிறது. எனினும் விழிப்புணர்வு தளரலாகாது. 2010 ஏப்ரல் 2ஆம் நாள் அமெரிக்காவின் அனகார்ட்டஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், இவ்வாறு நலிந்த வெப்பப் பரிமாற்றக் கலம் வெடித்து எழுவர் உயிரிழந்தனர். வெளித்தோற்றத்தில் மாற்றமின்றியே எஃகு உள்ளே சிதைவதால், ஆய்வாளர்கள் மீயொலியின் துணையுடன் அதைச் சோதிக்கின்றனர்.

அழிக்கும் இதே இயல்பு வேறிடத்தில் பயன் தருகிறது. சூடேற்றிய பல்லேடியம், வெள்ளிக் கலவைத் தகடு ஹைட்ரஜனை மட்டுமே கடந்துசெல்ல விடும். பிற வளிகள் பின்தங்கும். மின்னணுக் கருவித் தொழிலுக்கு வேண்டிய மிகத் தூய ஹைட்ரஜன் இவ்வாறு பெறப்படுகிறது. ஒரு பொருளின் இயல்பை மாற்ற இயலாத இடத்தும், அதனை அறிந்து நடப்போர்க்கு வழி உண்டு என்பதைப் போஷ் இட்ட சிறு துளைகள் உணர்த்துகின்றன.