சர்க்யூட் போர்டுக்கு வீட்டிலேயே டோனர் தாள்

லேசர் பிரிண்டர் கடிதம் அச்சிட மட்டும்தானா? எலக்ட்ரானிக்ஸில் ஆர்வமுள்ளவர்கள் அதை வைத்து சர்க்யூட் போர்டே தயாரிக்கிறார்கள். கம்ப்யூட்டரில் வரைந்த இணைப்புக் கோடுகளைத் தாளில் அச்சிட்டு, செம்பு பூசிய போர்டின் மேல் கவிழ்த்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் கோடுகள் செம்புக்கு இடம் மாறிவிடும். டோனர் என்பது சூட்டில் உருகும் பிளாஸ்டிக் தூள் என்பதால்தான் இது சாத்தியம். இங்க்ஜெட் மையில் நடக்காது.

சாதாரணத் தாளில் டோனர் இழைகளைப் பிடித்துக்கொள்ளும். உரிக்கும்போது பாதி தாளோடு வந்துவிடும். நடுவில், தபால்தலைப் பசை போல, தண்ணீர் பட்டால் இளகும் பூச்சு ஒன்று வேண்டும்.

ஒரு ஸ்பூன் சோள மாவை ஒரு டம்ளர் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, கிளறியபடியே கஞ்சியாகக் காய்ச்சுங்கள். ஆறியதும் வடிகட்டி, அகலமான பிரஷ்ஷால் தாளின் ஒரு பக்கம் மெல்லியதாகப் பூசி நிழலில் உலர்த்துங்கள். காய்ந்தபின் குறுக்குவாட்டில் இன்னொரு பூச்சு. தாள் சுருண்டால், மேலே வேறு தாள் வைத்து லேசாக இஸ்திரி போடலாம்.

அச்சிடும் முன் கவனம் தேவை. லேசர் பிரிண்டருக்குள் டோனரை உருக்கும் உருளை சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். ஈரத் தாள் உள்ளே சிக்கும். உதிரும் மாவு டிரம்மைக் கீறும். தாளை வளைத்துப் பாருங்கள். செதில் உதிர்ந்தால் அந்தத் தாள் வேண்டாம். பளபளப்பான இங்க்ஜெட் போட்டோ பேப்பரை லேசரில் விடவே கூடாது. அதன் பூச்சு உருகி உருளையில் ஒட்டிக்கொள்ளலாம். வாரண்டியில் இருக்கும் புது பிரிண்டரை விட்டுவிட்டு, பழையது ஒன்றில் செய்து பார்ப்பதே புத்திசாலித்தனம்.

டோனர் சிக்கன வசதியை நிறுத்திவிட்டு, அடர்த்தியை அதிகமாக வையுங்கள். படத்தின் ஓரத்தில் ஓர் எழுத்தும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாளில் அது கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பித் தெரிந்தால்தான் போர்டில் நேராக விழும். முதல் முயற்சியில் கோடுகள் 0.8 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும்.

செம்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, விரல் படாமல் வைத்து, நீராவி இல்லாத சூட்டில் 3 முதல் 5 நிமிடம் அழுத்துங்கள். ஆறிய போர்டைத் தண்ணீரில் ஊறவிடுங்கள். அவசரப்பட்டு இழுக்காதீர்கள், தாள் தானாக நெகிழும். விட்டுப்போன இடங்களை அழியாத மார்க்கரால் நிரப்பலாம்.

பிறகு ஃபெரிக் குளோரைடு கரைசலில், பிளாஸ்டிக் தட்டில், கையுறையோடு. டோனர் மூடாத செம்பு மட்டும் கரையும். மிச்சக் கரைசலில் செம்பு இருக்கிறது. அதைச் சாக்கடையில் கொட்டாமல் மூடிய பிளாஸ்டிக் பாட்டிலில் எடுத்து வையுங்கள், அடுத்த போர்டுக்கும் உதவும். டோனரை அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, துளை போட ஆரம்பிக்கலாம்.