கடல் கடக்கும் ரூபாய்: இணையவழியில் முதன்முறையாக வெளிநாட்டிற்குப் பணம் அனுப்புவோருக்கு

வெளிநாடுகளில் உழைக்கும் இந்தியர்கள் தாயகத்திற்கு அனுப்பும் பணத்தைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். 2022ஆம் ஆண்டில் அத்தொகை 10,000 கோடி டாலரைத் தாண்டியது. ஒரே ஆண்டில் அந்த அளவை எட்டிய முதல் நாடு இந்தியாதான். ஆனால் எதிர்த்திசையிலும் ஒரு நீரோட்டம் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2023-24ஆம் நிதியாண்டில் இந்தியாவில் வாழும் தனிநபர்கள் வெளிநாடுகளுக்கு அனுப்பிய தொகை 3,100 கோடி டாலருக்கும் அதிகமாகும். இதில் பாதிக்கு மேல் பயணச் செலவு. கல்விக் கட்டணம், நெருங்கிய உறவினரின் பராமரிப்பு, அன்பளிப்பு, முதலீடு முதலியன எஞ்சிய பகுதி.

முன்பு பெருநகரங்களின் வசதி படைத்த குடும்பங்களே இவ்வாறு பணம் அனுப்பின. இன்று மாவட்டத் தலைநகரங்களில் வாழும் ஆசிரியர்களும், சிறு வணிகர்களும், ஓய்வு பெற்ற ஊழியர்களும் இதனைச் செய்ய வேண்டியிருக்கிறது. மகளுக்கு வெளிநாட்டுப் பல்கலைக் கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. குறித்த தேதிக்குள் கட்டணம் செலுத்தாவிட்டால் அந்த இடம் போய்விடும். இந்த நெருக்கடியில்தான் பெரும்பாலோர் முதன்முறையாக வங்கியின் இணையப் பக்கத்தைத் திறக்கிறார்கள். அங்கே கேட்கப்படும் கேள்விகளின் பொருள் என்ன, அவற்றின் பின்னணி என்ன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அனுமதியிலிருந்து அறிவிப்புக்கு

1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின் காலத்தில் அந்நிய நாணயம் அரிதான பண்டமாகக் கருதப்பட்டது. அதனைச் செலவிட அனுமதி தேவை; மீறல் குற்றவியல் குற்றம். 1991இல் நாட்டின் செலாவணிக் கையிருப்பு சில வாரங்களின் இறக்குமதிக்கே போதுமானதாகச் சுருங்கி, தங்கத்தை ஈடு வைக்க நேர்ந்ததை நாம் அறிவோம். அதன் பின்னர் தொடங்கிய சீர்திருத்தங்களின் விளைவாக, 1994 ஆகஸ்டில் நடப்புக் கணக்கில் ரூபாயின் மாற்றுத்தன்மை ஏற்கப்பட்டது. 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் 2000 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒழுங்குமுறை என்னும் சொல் மேலாண்மை என மாறியதிலேயே கொள்கை மாற்றம் வெளிப்படுகிறது எனலாம்.

2004 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, தாராளமயமாக்கப்பட்ட பண அனுப்பீட்டுத் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. அப்போது ஒரு நபருக்கான ஆண்டு வரம்பு 25,000 டாலர். 2007இல் இது 2,00,000 டாலராக உயர்ந்தது. 2013 ஆகஸ்டில் ரூபாயின் மதிப்பு கடும் அழுத்தத்திற்கு உள்ளானபோது 75,000 டாலராகக் குறைக்கப்பட்டது. 2014இல் 1,25,000 டாலராகவும், 2015இல் 2,50,000 டாலராகவும் உயர்த்தப்பட்டது. நாட்டின் செலாவணி நிலைமைக்கு ஏற்பவே இவ்வசதி விரிந்தும் சுருங்கியும் வந்துள்ளது. பணம் அனுப்பும் குடிமகனிடம் வங்கி விவரங்கள் கேட்பதன் காரணமும் இதுவே. அவர் அளிக்கும் விவரங்களிலிருந்துதான் நாட்டின் அயல்நாட்டுக் கொடுக்கல் வாங்கல் கணக்கு உருவாகிறது.

யார், எவ்வளவு, எதற்கு

இத்திட்டம் இந்தியாவில் வாழும் தனிநபர்களுக்கு மட்டுமே உரியது. நிறுவனங்கள், கூட்டு வணிகங்கள், இந்துக் கூட்டுக் குடும்பங்கள், அறக்கட்டளைகள் ஆகியன இதனைப் பயன்படுத்த இயலாது. வரம்பு ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டுக்கு உரியது. எத்தனை வங்கிகள் மூலம் அனுப்பினாலும் அனைத்தும் ஒன்றாகவே கூட்டப்படும். வெளிநாட்டுக் கல்விக்கோ மருத்துவத்திற்கோ வரம்பைவிடக் கூடுதல் தொகை தேவைப்படின், கல்வி நிலையமோ மருத்துவமனையோ அளிக்கும் மதிப்பீட்டின் அடிப்படையில் அதிகமாக அனுப்ப வழியுண்டு.

லாட்டரிச் சீட்டுகள் வாங்கவும், வெளிநாடுகளில் அந்நியச் செலாவணிச் சூதாட்டப் பேரத்தில் ஈடுபடவும் பணம் அனுப்புவது தடை செய்யப்பட்டுள்ளது. இத்தகைய பேரங்களுக்கு அழைக்கும், அதிகாரமற்ற இணையத் தளங்களின் எச்சரிக்கைப் பட்டியல் ஒன்றை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் முதல் வெளியிட்டு வருகிறது.

பணம் அனுப்ப வருமான வரி நிரந்தரக் கணக்கு எண் கட்டாயம். ஏ-2 எனப்படும் படிவத்தில் நோக்கத்தை அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு நோக்கத்திற்கும் ஒரு குறியீடு உண்டு. கட்டணம், விடுதிச் செலவு உள்ளிட்ட வெளிநாட்டுக் கல்விக்கு எஸ் 0305. குடும்பப் பராமரிப்புக்கு எஸ் 1301. அன்பளிப்புக்கு எஸ் 1302. ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தால் போதும் என்று எண்ணுவது தவறு. வரி விகிதமும், வங்கி கேட்கும் ஆவணங்களும் இக்குறியீட்டையே சார்ந்துள்ளன. இப்படிவத்தை இணையவழியில் அளித்து அனுப்பும் தொகைக்கு முன்பு உச்சவரம்பு இருந்தது. 2024 ஜூலையில் ரிசர்வ் வங்கி அதனை நீக்கியது. ஆயினும் ஒவ்வொரு வங்கியும் தன் பாதுகாப்பு கருதித் தனி வரம்பு விதிக்கக்கூடும்.

பணம் செல்லும் பாதை

உள்நாட்டில் பணம் சில விநாடிகளில் சென்று சேர்வதைக் கண்டு பழகியவர்களுக்கு, வெளிநாட்டிற்கு அனுப்பிய பணம் ஓரிரு நாட்களுக்கு மேலும் வந்து சேராதிருப்பது கவலையளிக்கலாம். காரணம் எளியது. உண்மையில் பணம் பயணம் செய்வதில்லை; செய்திதான் பயணம் செய்கிறது. நம் வங்கி, அந்த நாட்டு வங்கி ஒன்றில் அந்நாட்டு நாணயத்தில் ஒரு கணக்கு வைத்திருக்கும். அக்கணக்கிலிருந்து இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும் என்னும் கட்டளை, 1973இல் பெல்ஜியத்தில் நிறுவப்பட்ட ஸ்விஃப்ட் கூட்டமைப்பின் வலையமைப்பு வழியாகச் செல்கிறது. பெறுநரின் வங்கியோடு நேரடித் தொடர்பு இல்லையெனில், இடையில் ஒன்றோ இரண்டோ வங்கிகள் தரகராக நிற்கும். இரு நாட்டு விடுமுறைகளும் நேர வேறுபாடும் தாமதத்திற்குக் கூடுதல் காரணங்கள்.

எனவே முகவரி பிழையின்றி இருக்க வேண்டும். ஸ்விஃப்ட் குறியீடு 8 அல்லது 11 எழுத்துகள் கொண்டது. முதல் நான்கு வங்கியையும், அடுத்த இரண்டு நாட்டையும், அதற்கடுத்த இரண்டு இடத்தையும் குறிக்கும். இறுதி மூன்று இருப்பின் கிளையைக் குறிக்கும். ஐரோப்பிய நாடுகளுக்கு ஐபான் என்னும் சர்வதேசக் கணக்கு எண் தேவை; ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் இது 22 எழுத்துகள் கொண்டது. அமெரிக்காவில் ஐபான் இல்லை. அங்கு வங்கியைக் குறிக்க 9 இலக்க எண் உண்டு. ஆஸ்திரேலியாவில் இதற்கு 6 இலக்க எண். இவற்றுள் ஓர் எழுத்து மாறினாலும் பணம் திரும்பி வரலாம். திரும்பும்போது கட்டணங்கள் கழிக்கப்படும். அன்றைய நாணய மாற்று விகிதமே பொருந்தும். இழப்பு அனுப்பியவருக்கே.

பல வங்கிகளில் புதிய பெறுநரைப் பதிவு செய்தவுடன் முழுத் தொகையையும் அனுப்ப இயலாது. சில மணி நேரமோ ஒரு நாளோ காத்திருக்க வேண்டும். ஆகவே கடைசி நாளன்று இப்பணியைத் தொடங்குவது ஆபத்தானது. குறைந்தது பத்து நாட்கள் முன்னதாகப் பெறுநரின் விவரங்களைப் பதிவு செய்து வைப்பது நலம்.

உண்மையான செலவு எது?

சேவைக் கட்டணத்தை மட்டுமே பார்த்து வங்கியைத் தேர்ந்தெடுப்போர் பலர். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 5,000 பவுன் கல்விக் கட்டணம் அனுப்ப வேண்டும். சந்தையின் நடு விகிதம் பவுனுக்கு 110 ரூபாய் என்றும், வங்கியின் விற்பனை விகிதம் 112 ரூபாய் என்றும் விளக்கத்தின் பொருட்டு வைத்துக்கொள்வோம். விகித வேறுபாட்டில் மட்டும் 10,000 ரூபாய் கூடுதலாகிறது. சேவைக் கட்டணம் 1,000 ரூபாய் எனில், அதன் மீது 18 சதவீதம் சரக்கு மற்றும் சேவை வரி 180 ரூபாய். நாணய மாற்றுச் சேவைக்கு விதிப்படி கணக்கிடப்படும் வரி 594 ரூபாய். மொத்தச் செலவு 11,774 ரூபாய். இதில் ஆறில் ஐந்து பங்குக்கு மேல், கட்டணப் பட்டியலில் எங்கும் காணப்படாத விகித வேறுபாடே ஆகும். கட்டணமே இல்லை என்னும் விளம்பரத்தைக் காண்போர் இக்கணக்கை நினைவிற் கொள்ள வேண்டும்.

இடையிலுள்ள வங்கிகளின் கட்டணத்தை யார் ஏற்பது என்பதையும் திரையில் தேர்ந்தெடுக்க வேண்டும். அனுப்புபவரே அனைத்தையும் ஏற்கலாம், இருவரும் பகிர்ந்து கொள்ளலாம், பெறுபவரே ஏற்கலாம். கல்விக் கட்டணத்திற்கு முதல் வழியே ஏற்றது. மற்ற வழிகளில் வழியிலேயே சில பவுன்கள் கழிந்துவிடும். பல்கலைக் கழகக் கணக்கில் கட்டணம் முழுமையாகச் செலுத்தப்படவில்லை என்று பதிவாகும். மாணவரின் அடையாள எண்ணைக் குறிப்பிடத் தவறினாலும் இதே நிலைதான்.

நிலையான கட்டணம் சிறு தொகைகளின் மீது அதிகமாக அழுத்துகிறது என்பது பொருளாதார நோக்கில் கவனிக்கத்தக்கது. வரியோடு சேர்த்து 1,180 ரூபாய்க் கட்டணம், 10 லட்சம் ரூபாய்க்கு நூற்றில் ஒன்பதில் ஒரு பங்கு அளவே; 20,000 ரூபாய்க்கோ ஏறத்தாழ 6 சதவீதம். புலம்பெயர்ந்தோரின் பண அனுப்பீட்டுச் செலவை 2030க்குள் 3 சதவீதத்திற்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் சபையின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளுள் ஒன்றாகும்.

வரி வசூல்

நிதியாண்டில் அனுப்பும் மொத்தத் தொகை ஒரு வரம்பைத் தாண்டினால், வங்கி மூலத்தில் வரி வசூலிக்கும். 2020 அக்டோபரில் இம்முறை தொடங்கியபோது வரம்பு 7 லட்சம் ரூபாய். 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் ரூபாய். அன்பளிப்பு, முதலீடு போன்றவற்றுக்கு வரம்பிற்கு மேற்பட்ட தொகையில் 20 சதவீதம். 12 லட்சம் ரூபாய் அன்பளிப்பாக அனுப்புபவர் 2 லட்சத்தின் மீது 40,000 ரூபாய் செலுத்துவார். கல்விக்கும் மருத்துவத்திற்கும் விகிதம் மிகக் குறைவு. அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்திடம் கடன் பெற்றுக் கல்விக்கு அனுப்பும் தொகைக்கு 2025 ஏப்ரல் முதல் இவ்வசூல் இல்லை. விகிதங்கள் வரவு செலவுத் திட்டத்தில் மாறுவதுண்டாகையால், அனுப்பும் நாளின் விகிதத்தை வங்கியில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இது தனி வரியன்று. முன்கூட்டிப் பெறப்படும் வரியே. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது இதனை ஈடு செய்துகொள்ளலாம். மிகுதியைத் திரும்பப் பெறலாம். ஆனால் அதுவரை அப்பணம் கையில் இராது. குடும்பங்கள் இதற்கெனத் தனியே தொகை ஒதுக்குதல் வேண்டும்.

விழிப்பே காப்பு

கட்டணம் செலுத்த வேண்டிய கணக்கு மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால் உடனே நம்பலாகாது. கல்வி நிலையத்தின் அதிகாரபூர்வமான தொலைபேசி எண்ணில் பேசி உறுதி செய்த பிறகே அனுப்ப வேண்டும். ஏமாற்றப்பட்டதை உணர்ந்தால் வங்கிக்கும், 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்கும் அக்கணமே தெரிவிக்க வேண்டும். குறைவான செலவில் அனுப்புவதாகக் கூறும் ஹவாலாத் தரகர்களை நாடுவது சட்ட விரோதம். தொடர்புடைய தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வங்கியிடம் அளித்த புகாருக்கு 30 நாட்களில் தக்க பதில் கிடைக்காவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

எளிமையான வழிகள்

சிறு தொகைகளுக்கு மலிவான பாதைகளை அமைக்க இயலும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. 2008இல் தொடங்கிய இந்திய-நேபாளப் பண அனுப்பீட்டு வசதி, இங்கு உழைக்கும் நேபாளத் தொழிலாளருக்குப் பெரிதும் உதவுகிறது. அதன் உச்சவரம்பு 2021இல் 2 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2023 பிப்ரவரி 21 அன்று நமது யூபிஐ முறையும் சிங்கப்பூரின் பேநவ் முறையும் இணைக்கப்பட்டன. மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளுடன் உடனடிப் பண அனுப்பீட்டை இணைக்கும் நெக்ஸஸ் திட்டத்திலும் 2024இல் இந்தியா சேர்ந்துள்ளது.

ஆயினும் தொழில்நுட்பம் மட்டும் போதாது. பெறுநரைச் சேரும் தொகை எவ்வளவு, அதற்கு அனுப்புநர் தரும் மொத்த ரூபாய் எவ்வளவு என்பதை, விகித வேறுபாட்டையும் சேர்த்து, ஒரே வரியில் வங்கிகள் முன்கூட்டியே காட்டுதல் வேண்டும். படிவங்களும் விளக்கங்களும் இந்திய மொழிகளில் கிடைத்தல் வேண்டும். மகளின் படிப்புக்காகப் பல ஆண்டுகள் சேமித்த ஒரு தபால் ஊழியர், தமக்கு விளங்காத மொழியிலுள்ள உறுதிமொழிக்கு ஒப்புதல் அளிக்கும் நிலை தொடரலாகாது. அனுமதி பெற வேண்டிய காலம் போய்விட்டது. அறிந்து செயற்படும் வாய்ப்பும் அனைவருக்கும் கிட்டும்போதுதான் அச்சீர்திருத்தம் நிறைவு பெறும்.