ஜப்பானிய மொழி ஆசிரியர்க்கு இணையம் தரும் துணை

ஒரு பள்ளியில் தமிழாசிரியர் ஐவர் இருப்பின், ஒருவர்க்கு எழும் ஐயத்தை மற்றொருவர் தீர்த்து வைப்பார். ஆசிரியர் அறையில் ஒரு குவளைத் தேநீர் அருந்தி முடிப்பதற்குள் தீர்ந்துபோகும் ஐயங்கள் எத்தனையோ! படவட்டைகளும் பயிற்சித் தாள்களும் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறும். ஆனால், பள்ளி முழுமைக்கும், சிற்சில வேளை ஊர் முழுமைக்கும், தாம் ஒருவராகவே நின்று அயல்மொழி ஒன்றைக் கற்பிப்பவர் யாரிடம் சென்று கேட்பார்? ஜப்பானுக்கு வெளியே ஜப்பானிய மொழியைப் போதிக்கும் ஆசிரியர் பலருடைய நிலை இதுவேயாகும்.

இது நமக்கு முற்றும் அயலான செய்தியன்று. நம் மலேசிய நாட்டில் 1982ஆம் ஆண்டு பிரதமர் டாக்டர் மகாதீர் முகம்மது கிழக்கு நோக்கும் கொள்கையை அறிவித்தார். அதனையொட்டி 1984 முதல் உறைவிடப் பள்ளிகள் சிலவற்றில் ஜப்பானிய மொழி ஒரு பாடமாயிற்று. உலகளவில் நோக்கினால் தொகை பெரிது. ஜப்பான் பவுண்டேஷன் என்னும் நிறுவனம் 2021இல் எடுத்த கணக்கின்படி, ஜப்பானுக்கு வெளியே 141 நாடுகளிலும் வட்டாரங்களிலும் 3,794,714 பேர் அம்மொழியைப் பயின்றனர். அவர்கட்குக் கற்பித்த ஆசிரியர்களோ 74,592 பேரே. ஓராசிரியர்க்கு ஏறத்தாழ ஐம்பத்தொரு மாணவர் எனக் கொள்ளலாம்.

அம்மொழியைக் கற்பிப்பதில் அப்படி என்ன இடர்ப்பாடு என மாணவச் செல்வங்கள் வினவக்கூடும். எழுத்தையே முதலிற் காண்போம். ஹிரகானா, கத்தகானா என இருவகை ஒலியெழுத்துகள்; வகைக்கு 46 அடிப்படை எழுத்துகள். இவற்றின் வரிசை அ, இ, உ, எ, ஒ எனத் தொடங்கி, க, ச, த, ந எனத் தொடர்வதைக் கண்டால் தமிழ்ப் பிள்ளைகட்கு வியப்பு உண்டாகும். பௌத்தத் துறவியர் வழியாக ஜப்பானை அடைந்த வடமொழி எழுத்துக் கல்வியே இவ்வரிசைக்கு அடிப்படையாம். இவற்றோடு சீனத்திலிருந்து பெற்ற கஞ்சி எழுத்துகளும் உண்டு. பொதுப் பயன்பாட்டுக்கென 2010இல் வகுக்கப்பட்ட பட்டியலில் மட்டும் 2,136 எழுத்துகள் உள்ளன.

எழுத்தைக் கடந்தாலும் எண்ணுவதில் ஓர் இடர் காத்து நிற்கும். எண்ணப்படும் பொருளின் வடிவத்திற்கேற்ப எண்ணும் சொல் மாறும். தாள்போல் தட்டையானவற்றுக்கு ஒரு சொல், பென்சில்போல் நீண்டவற்றுக்கு வேறொரு சொல், புத்தகத்துக்கு மற்றொன்று. அச்சொல்லும் ஒரே ஒலியுடன் நில்லாது. ஒரு பென்சில் என்பதற்கு 'இப்பொன்', இரண்டுக்கு 'நிஹொன்', மூன்றுக்கு 'சம்பொன்' என்பர். ஹகரம் பகரமாகவும் வல்லொலி மெல்லொலியாகவும் திரிவதை விதி கூறி விளக்குவதைவிட, படத்தைக் காட்டிப் பன்முறை சொல்ல வைப்பதே சிறந்த வழி. அதற்குப் படங்கள் வேண்டும், நூற்றுக்கணக்கில் வேண்டும். வகுப்பு முடிந்து இல்லம் திரும்பிய ஆசிரியர், இரவெல்லாம் அட்டை வெட்டி வண்ணம் தீட்டிய காலம் ஒன்றிருந்தது. நம் பள்ளி ஆசிரியர்களும் இதனை நன்கறிவர்.

இக்குறையைப் போக்க, உராவா என்னுமிடத்தில் 1989இல் நிறுவப்பட்ட ஜப்பான் பவுண்டேஷனின் மொழிப் பயிற்சிக் கழகம், 2002ஆம் ஆண்டில் இணையத் தளம் ஒன்றைத் தொடங்கிற்று. அதன் பெயர் 'மின்னா நோ கியோசாய்'. 'எல்லாருடைய பாடப்பொருள்' என்பது பொருள். நிழற்படங்கள், கோட்டுச் சித்திரங்கள், இலக்கண விளக்கங்கள், வகுப்பறைப் பயிற்சிகள் யாவும் அங்கே கட்டணமின்றி வைக்கப்பட்டன. உலகின் எம்மூலையிலுள்ள ஆசிரியரும் அவற்றை எடுத்துத் தம் மாணவர்க்கு ஏற்பத் திருத்தி அமைத்துக்கொள்ள இயன்றது. ஆயத்தமான பாடநூலைத் தருவதினும் பாடத்தை ஆக்குதற்கான மூலப்பொருளைத் தந்ததே இத்தளத்தின் தனிச்சிறப்பு என்பது நம் கருத்து. தம் மாணவரை அறிந்தவர் அவ்வாசிரியரேயன்றோ?

ஜப்பானைக் கண்டிராத ஆசிரியர்க்கு அந்நாட்டு வாழ்க்கையைக் காட்டுவதும் கடினமே. எரின் என்னும் இங்கிலாந்து மாணவி ஜப்பானியப் பள்ளியொன்றில் சேர்ந்து பயில்வதாக அமைந்த படக்காட்சித் தொடர் 2007இல் பாடநூலுடன் வெளிவந்து, 2010இல் இணையத்திலும் இடம்பெற்றது. ஜப்பானில் வேலைக்குச் செல்வோர்க்காக 'இரொதொரி' என்னும் பாடநூல் 2020இல் இணையத்தில் இலவசமாக வெளியாயிற்று.

நிறுவனங்கள் அளித்தவை இவை. தனி மனிதர் பலர் கூடி ஆக்கியவையும் உள. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜிம் பிரீன் 1991இல் ஜப்பானிய-ஆங்கில அகராதி ஒன்றைக் கணினிக் கோப்பாகத் தொகுக்கத் தொடங்கினார். தொண்டர் பலர் சொற்களைச் சேர்த்தும் திருத்தியும் அதனை வளர்த்தனர். இன்று இணையத்திலுள்ள ஜப்பானிய அகராதிகள் பலவற்றுக்கு அடித்தளம் அதுவே.

மற்றொரு வரலாறு இதனினும் சுவையானது. ஹியோகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் யசுஹித்தோ தனாக்கா, தம் மாணவர் ஒவ்வொருவரையும் ஜப்பானிய வாக்கியமும் அதற்குரிய ஆங்கில வாக்கியமுமாக 300 இணைகளைத் திரட்டுமாறு பணித்தார். ஆண்டுகள் சில கழிந்தன. 212,000 இணைகள் சேர்ந்தன! 2001இல் அவர் அதனை அறிஞர் அவையில் வெளியிட்டார். எவரும் பயன்படுத்தலாம் என்னும் நிலையில் அது உலகுக்குக் கிடைத்தது. பெரும் புதையல்தான். ஆயின், புதையலில் பித்தளையும் கலந்திருந்தது. மாணவர் திரட்டியவையாதலின் எழுத்துப்பிழைகளும் பொருந்தாத மொழிபெயர்ப்புகளும் மலிந்திருந்தன. ஒரே வாக்கியம் பன்முறை வந்திருந்தது. களையெடுத்தபின் எஞ்சியவை ஏறத்தாழ 150,000.

துணையின்றி நிற்கும் ஆசிரியர் இங்கேதான் விழிப்பாயிருத்தல் வேண்டும். தவறான வாக்கியமொன்றை அவர் கரும்பலகையில் எழுதினால், மாணவர் அனைவரும் அதனையே மனனம் செய்வர். அங்கே மறுத்துரைப்பாரும் இரார். எழுத்தில் வந்ததெல்லாம் சரியென நம்புவது பிள்ளைகளின் இயல்பன்றோ?

அத்தொகுப்பு 2006இல் 'ததொயெபா' என்னும் இணையத் தளத்தைச் சேர்ந்தது. ஜப்பானிய மொழியில் 'எடுத்துக்காட்டாக' என்பது அப்பெயரின் பொருள். பன்னாட்டுத் தொண்டர்கள் அங்கே வாக்கியம் வாக்கியமாகப் படித்துப் பிழையைச் சுட்டுகின்றனர். தம் தாய்மொழியில் அமைந்த வாக்கியங்களைத் தாமே எழுதியும் சேர்க்கின்றனர். ஓரூரில் ஒருவர் திருத்திய வாக்கியம் வேறோர் ஊரில் உள்ள ஆசிரியரின் பாடத்திற்கு உதவுகிறது. தமிழ் வாக்கியங்களும் அத்தளத்தில் உள. ஜப்பானிய வாக்கியங்களின் முன்னே அவற்றின் தொகை மிகச் சிறிது.