கண்ணகியின் முறுவலும் கொம்புமுறி நகையும்

எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினின்றும் நகை பிறக்கும் என்பது தொல்காப்பியர் கொள்கை. கணவன் பிறள்பாற் சென்றமையாற் குலைந்த இல்வாழ்க்கையும் நகைக்கு இடனாகுமோ? அதற்குரிய விடை மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களின் கண்ணகையம்மன் வழிபாட்டிலே கிடைக்கின்றது.

சிலப்பதிகாரத்திலே கண்ணகியின் முறுவல் ஈரிடத்துப் பேசப்படுகின்றது. மாதவியைப் பிரிந்து, பொருளிழந்து நாணிவந்த கோவலனுக்கு அவள் நகைமுகங் காட்டித் தன் சிலம்பை அளிக்க முன்வருகின்றாள். பின்னர் மதுரைப் புறத்து ஆயர் இல்லிலே, அவன் பிரிந்திருந்த நாளில் மாமன் மாமியர்க்குத் தான் காட்டிய முறுவல் மெய்யன்று என்பதையும், அதனைக் கண்டு அவர் உள்ளம் நொந்ததையும் அவனிடமே உரைக்கின்றாள். அம்முறுவல் துயரை மறைத்ததேயன்றி ஆற்றவில்லை.

மட்டக்களப்பிலே இக்கதை கொம்புமுறி விளையாட்டாயிற்று. கண்ணகியும் கோவலனும் சண்பகப்பூக் கொய்கையில் அவர்தம் கொக்கைத் தடிகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டன என்றும், இழுபறியிலே கோவலன் தடி முறிந்தது என்றும் கதை வழங்குகின்றது. இதனையொட்டி ஊரவர் இரு வாரத்தாராய்ப் பிரிவர். வடசேரியார் கோவலன் பக்கத்தார். தென்சேரியார் கண்ணகி பக்கத்தார். வளைந்த இரு கொம்புகளைக் கொளுவி, வடம்பூட்டி இழுப்பர். எவர் கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றவராவர்.

இழுவையினும் சுவையுடையன அப்போது பாடப்படும் வசைப்பாடல்கள். ஏனைய நாளில் வாய்விட்டுச் சொல்லத் தகாதனவும் அன்று பாட்டாய் எழும். உற்றாரை உற்றார் எள்ளுவர். எவரும் அதனைப் பகையாகக் கொள்ளார். வறட்சியும் கொள்ளைநோயும் நீங்க அம்மன் சினத்தைத் தணிக்கும் வழிபாடாகவே இது நிகழ்த்தப்பட்டது. பத்தினி தெய்வத்தைப் போற்றும் சிங்கள மக்களிடையே வழங்கிய அங்கெலியவும் இத்தகையதே.

இங்கு நகை எள்ளலின்பாற் படுவது. ஆயின் எள்ளப்படுபவள் வஞ்சிக்கப்பட்ட மனைவி அல்லள்; அவளுக்கும் ஒரு பக்கத்தார் உளர், அவளுக்காக வடம் பிடிக்கும் கைகளும் உள. அயல்வீட்டு மனைமுறிவைத் திண்ணையிலிருந்து நகைப்பார் செய்கை இதனோடு ஒவ்வாது. அந்நகை துயருற்றாளைத் தனியளாக்கும். பொய்முறுவல் பூணவுஞ் செய்யும். கொம்புமுறியிலோ, கண்ணகி ஒருத்தியாய் அடக்கிய துயரை ஊர் முழுதும் பகிர்ந்துகொண்டு வாய்விட்டு நகைத்தது.