ஒடுங்கிய வளவில் ஓங்கிய மரம்

இலண்டனிலும் அதன் புறநகர்களிலும் தொடர்வீடுகளை வாங்கிக் குடியேறிய எம்மவர் பலருக்கு, வீட்டோடு பின்வளவில் ஒரு மரமும் சேர்ந்தே வந்திருக்கின்றது. முன்னிருந்தவர் நட்ட கன்று கூரைக்கு மேலாக எழுந்து நிற்க, அதன் கீழே ரோசாச் செடிகளும் கண்ணாடிக் கொட்டிலும் அயலவர் வேலியும் நெருங்கிக் கிடக்கின்றன. இத்தகைய இடத்தில் மரத்தை வெட்டுவது எளிது. வெட்டியதைக் கீழே இறக்குவதே வித்தை.

ஊரிலே பூவரசங் கதியாலை ஆண்டுதோறும் மொட்டையாகத் தறித்துப் பழகியவர்கள் நாம். குழை தோட்டத்துக்குப் பசளையாயிற்று. கதியாலும் மீண்டும் துளிர்த்தது. அதே கையோடு இங்குள்ள பேர்ச் மரத்தின் தலையைத் துண்டித்தால், அது நலிந்து அழுகத் தொடங்கும்.

வாளை எடுக்குமுன் நகரசபையை விசாரித்தல் வேண்டும். இங்கிலாந்தில் பாதுகாப்பு ஆணைக்குட்பட்ட மரத்தை, அது நமது சொந்த நிலத்தில் நின்றாலும், எழுத்துமூல அனுமதியின்றி வெட்டுதல் குற்றம். பேணற் பகுதியாகப் பிரகடனப்படுத்தப்பட்ட வீதிகளில், நிலத்திலிருந்து 1.5 மீற்றர் உயரத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் விட்டமுள்ள மரமாயின் பொதுவாக ஆறு வாரம் முன்னதாக அறிவித்தல் கொடுக்க வேண்டும். கதவைத் தட்டி, அரைக் கூலிக்கு இன்றே வெட்டித் தருவதாகக் கூறுவோர் இவற்றைச் சொல்வதில்லை. வெட்டியவர் மட்டுமன்றி வெட்டுவித்தவரும் பொறுப்பாளியாவார். பாதுகாக்கப்பட்ட மரத்தை அழித்தமைக்கான தண்டத்துக்கு உச்சவரம்பு கிடையாது. பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும் மரத்தையும் அக்காலத்தில் தொடலாகாது. 1981 ஆம் ஆண்டின் சட்டம் கூட்டைக் காக்கின்றது.

தேர்ந்த மரவேலையாளர் வந்தவுடன் வாளைத் தொடமாட்டார். சாடிகளை அகற்றுவார், கொடிகளைச் சுவரிலிருந்து தளர்த்தி ஒதுக்கிக் கட்டுவார், பாத்திகளைப் பலகையால் மூடுவார். பின்னர் மரத்திலேறி, பாரமான கிளை ஒவ்வொன்றுக்கும் கயிறு கட்டி அறுப்பார். கீழே நிற்பவர் அடிமரத்திற் சுற்றிய கயிற்றை மெல்ல மெல்ல விட, இரு செடிகளுக்கு நடுவே கிளை வந்து இறங்கும். பார்க்க அழகான வேலை. கூலி கூடுவதும் அதனாலேயே.

கிளையின் அடிப்புறத்தில் முதலில் சிறிது வாளிட வேண்டும். இல்லையேல் அது முறிந்து, அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். எஞ்சிய குற்றியை அடிமரத்தோடு ஒட்டச் சீவாமல், கிளை புறப்படும் புடைப்பை விட்டு வெட்டல் வேண்டும். மரத்தின் காயம் நமது தோலைப்போல ஆறுவதில்லை. மரம் அதனைச் சுற்றி மதிலெழுப்பி அடைக்கின்றது என அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ 1970களில் விளக்கினார். வெட்டுவாயில் தார் பூசுவதாற் பயனில்லை.

பெரும்பாலான மரங்களுக்குக் குளிர்காலமே ஏற்றது. பூஞ்செடிகள் பல அப்போது மண்ணுக்குள் உறங்கும். பிளம், செரி ஆகியவற்றை மட்டும் கோடையில் வெட்டுதல் நன்று; வெள்ளியிலை நோய் அப்போது எளிதிற் பற்றாது.

கூலி பேசும்போதே காப்புறுதிப் பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள். வெட்டிய மரத்தை யார் அகற்றுவது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பின்வழி இல்லாத வீட்டில் ஒவ்வொரு குற்றியும் உங்கள் கூடத்தின் ஊடாகவே வெளியேற வேண்டியிருக்கும்.