பழைய செலுத்தியும் புதிய செலுத்தியும்: லினக்ஸ் வன்றட்டு முறைமையின் நிலைமாற்றம் பற்றிய சில குறிப்புகள்

தொழில்நுட்ப வரலாற்றைப் புதியவற்றின் வருகையாக மட்டும் நோக்கும் போக்கு நம்மிடையே பரவலாகக் காணப்படுகின்றது. பழையது விடைபெறும்வரை புதியதுடன் எவ்வாறு முட்டிமோதுகின்றது, அம்மோதலின் சுமையைத் தாங்குவோர் யாவர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையில் 2003 அளவில் தொடங்கி 2021 வரை நீடித்த ஒரு நிலைமாற்றம், இவ்வினாக்களை ஆராய்வதற்குத் தக்க சான்றாகும்.

கணினியின் பணிசெயல் முறைமை வன்றட்டுடன் நேரடியாக உரையாடுவதில்லை. இரண்டுக்குமிடையே நின்று கட்டளைகளைத் தட்டின் மொழிக்கு மாற்றித் தரும் மென்பொருளே செலுத்தி எனப்படுவது. லினக்ஸ் தோன்றிய 1991ஆம் ஆண்டின் தனியாள் கணினிகளில் ஐ.டீ.ஈ. வகைத் தட்டுகள் பரவலாக இருந்தன. அவற்றுக்கென எழுதப்பட்ட செலுத்தித் தொகுதி ஆண்டுதோறும் விரிந்து வளர்ந்தது. பின்னர் அகன்ற நாடா வடத்துக்குப் பதிலாக மெல்லிய வடத்தைக் கொண்ட சீரியல் ஏ.ரீ.ஏ. முறை சந்தைக்கு வந்தபோது, ஜெவ் கார்சிக் என்பார் லிப்-ஏ.ரீ.ஏ. என்னும் புதிய தொகுதியை உருவாக்கினார். தொடக்கத்தில் புதிய தட்டுகளுக்கே உரியதாயிருந்த இது, அலன் கொக்ஸின் முயற்சியால், 2006 நவம்பரில் வெளியான 2.6.19ஆம் பதிப்பில் பழைய வகைத் தட்டுகளையும் இயக்கும் ஆற்றலைப் பெற்றது. ஒரே வன்பொருளுக்கு இரு உரிமையாளர் தோன்றினர்.

முரண்பாடு முதலில் வளங்களின் தளத்தில் வெளிப்பட்டது. மரபுவழி ஐ.டீ.ஈ. வாயில்கள் இரண்டுக்கும் 14, 15 என்னும் குறுக்கீட்டு எண்களும் நிலையான முகவரிகளும் உரியவை. ஒரு செலுத்தி அவற்றைத் தனதாகப் பதிவுசெய்துவிட்டால் மற்றையதற்கு அனுமதி மறுக்கப்படும். எனவே எது முதலில் விழித்தெழுகின்றதோ அதுவே உரிமை பெறும். 2003க்குப் பின் வந்த சில இன்டெல் கட்டுப்படுத்திகள், புதிய தட்டுகளையும் பழைய ஐ.டீ.ஈ. வேடத்தில் காட்டும் இணைப்பு நிலையைக் கொண்டிருந்தமையால் சிக்கல் மேலும் முனைப்புற்றது. பொருத்தமற்ற செலுத்தி வாயிலைக் கைப்பற்றியவிடத்து, நேரடி நினைவக அணுகல் இயலாமற்போய், ஒவ்வொரு தரவையும் மையச் செயலியே சுமந்து செல்ல நேர்ந்தது. கணினியின் வேகம் வெகுவாகக் குன்றியது.

இரண்டாவது முரண்பாடு பெயரிலே எழுந்தது. பழைய முறையில் எச்.டீ.ஏ., எச்.டீ.பி., எச்.டீ.சி. என்பன இடத்தைச் சுட்டிய பெயர்கள். இரண்டாம் வாயிலின் முதற் சாதனம், எச்.டீ.பி. இல்லாதபோதும், எச்.டீ.சி. எனவே வழங்கும். புதிய தொகுதியோ ஸ்கசி என்னும் அடுக்கின் மேல் கட்டப்பட்டது. அதன்கீழ்த் தட்டுகள் கண்டறியப்படும் ஒழுங்கிலே எஸ்.டீ.ஏ., எஸ்.டீ.பி. எனப் பெயர் பெற்றன. கருவைப் புதுப்பித்தவர் கணினியை மீளத் தொடக்கியபோது, அமைவுக் கோப்பில் எழுதியிருந்த பெயரில் எத்தட்டும் காணப்படாமல் இயக்கம் நின்றுபோவதுண்டு. தட்டு இருந்தது, தரவுகளும் பழுதுறாதிருந்தன, பெயர் மாத்திரமே மறைந்திருந்தது. மேலும், பழைய முறை ஒரு தட்டில் 63 பிரிவுகளை ஏற்றது. ஸ்கசி அடுக்கோ அன்று 15ஐ மட்டுமே ஏற்றது. புதியது எல்லாவகையிலும் மேம்பட்டதென்னும் எளிய முடிபு இங்கு பொருந்தாது.

இம்முரண்பாட்டுக்குத் தீர்வு, பெயரை இடத்திலிருந்தும் ஒழுங்கிலிருந்தும் விடுவித்ததிலேயே கிட்டியது. கோப்பு முறைமை உருவாக்கப்படும்போதே அதனுள் எழுதப்படும் தனித்த அடையாள எண்ணைக் கொண்டு தட்டின் பிரிவை இனங்காணும் வழக்கம் பரவிற்று. 2007இல் வெளியான பெடோரா 7 புதிய தொகுதியை முழுமையாக ஏற்றுக்கொண்டது.

ஆயின் பழையது உடனே அகற்றப்படவில்லை. இதற்கான காரணம் மனங்கொள்ளத்தக்கது. குறைபாடுள்ள தட்டுகளை இனங்கண்டு விலக்கும் பட்டியல்கள் முதலாக, பல்லாண்டு அனுபவம் அந்நிரல்களுள் உறைந்திருந்தது. மார்க்ஸ் கூறும் இறந்த உழைப்பின் இயல்பு இது. அமிகா, அற்றாரி முதலிய பழைய கணினிகளைப் பேணுவோர் அதனையே நம்பியிருந்தனர். இறுதிக் காலத்தில், 2021இல் தான் அகற்றப்படவுள்ளதாக அறிவித்த அச்செலுத்தி, புதிய தொகுதி ஆதரிக்காத வன்பொருள் எதுவும் எஞ்சியிருப்பின் தெரிவிக்குமாறும் பயனாளரை வேண்டியது. எஞ்சிய பொறிகளுக்கான செலுத்திகள் புதிய தொகுதியில் எழுதப்பட்ட பின்னரே, 2021 ஓகஸ்டில் வெளியான 5.14ஆம் பதிப்பில் பழைய தொகுதி முற்றாக நீக்கப்பட்டது.

இதனை வர்க்கப் போராட்டத்தின் உருவகமாகக் கொள்வது இயங்கியலைக் கொச்சைப்படுத்துவதாகும். எனினும், பழையதன் நீக்கம் நியாயமானதாக அமைவதற்கு ஒரு நிபந்தனை இங்கு தெளிவாகின்றது. பழையதைச் சார்ந்து நிற்போர் யாவரென அறிந்து, அவர்தம் தேவைகளைப் புதியதனுள் உள்ளடக்கிய பின்னரே அதனை அகற்றுதல் தகும். பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட அக்காலத் தாமதத்தின் பெரும்பகுதி இந்நிபந்தனைக்குக் கொடுக்கப்பட்ட விலையெனலாம்.