கூழையானை போன தெருவில் இன்று சைக்கிள் போகிறது, தெரியுமா?

கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழர் காலத்திலேயே சாலைகளுக்குப் பெயர் இருந்தது, தெரியுமா? ராஜராஜன் பெருவழி, ராஜேந்திரன் பெருவழி என்று அரசர் பெயரில் பெரிய சாலைகள் கல்வெட்டுகளில் வருகின்றன. அவற்றோடு ஒரு தெருவின் பெயரைக் கேளுங்கள்: கூழையானை போன பெருந்தெரு! குட்டையான யானை ஒன்று நடந்து போனதற்காக ஒரு தெருவுக்கே அதன் பெயர்! யானை, குதிரை, வண்டி, தலைச்சுமைக்காரர், பிள்ளைகள் எல்லாரும் ஒரே வழியில் போயிருக்கிறார்கள். சுமார் 1025-இல் ராஜேந்திர சோழன் எழுப்பிய இந்தத் தலைநகரம் ஏறக்குறைய 250 வருஷம் சோழநாட்டை ஆண்டது. அத்தனை காலமும் அந்தத் தெருக்களில் பெரியதும் சிறியதும் ஒன்றாகத்தான் ஓடின.

இன்று அந்த ஊர்க் கோயிலை ஒட்டி ஓடுவது திருச்சி – சிதம்பரம் தேசிய நெடுஞ்சாலை. கொஞ்ச தூரத்தில் மீன்சுருட்டி. அந்தப் பக்கம் விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகும் நெடுஞ்சாலை. காலை எட்டரை மணிக்கு இந்தப் பக்கம் ஓரமாக நின்று பாருங்கள். டிப்பர், தனியார் பஸ், இரண்டு பக்கமும் தோகை பிதுங்க ஆடி ஆடி வரும் கரும்பு டிராக்டர். இவற்றுக்கு நடுவே முன்கூடையில் புத்தகப் பையை வைத்துக்கொண்டு, ரிப்பன் கட்டிய இரட்டைச் சடையோடு, அரசு கொடுத்த சைக்கிளில் பிளஸ் ஒன் பிள்ளைகள். அறுவடைக் காலத்தில் ரோட்டின் ஒரு பாதியில் நெல் காயும். சைக்கிள் தானாகவே நடுரோட்டுக்கு வந்துவிடும்.

அந்த லாரிகளில் சிலவற்றில் ஏறிப்போவது கடலின் அடித்தளம் என்றால் நம்புவீர்களா? அரியலூர் வட்டாரம் ஆறரைக் கோடி வருஷத்துக்கும் முன்னால் கடலுக்குள் கிடந்தது! அந்தக் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் இங்கே இத்தனை சிமெண்ட் ஆலைகள் வந்தன. வாரணவாசியில் உள்ள அருங்காட்சியகத்தில் அந்தக் கடலின் சங்குகளும் சுருள் ஓடுகளும் கல்லாகிக் கிடக்கின்றன. இவ்வளவு பழைய கடலைச் சுமந்துகொண்டு வரும் லாரிக்குப் பக்கத்தில்தான் நம் வீட்டுப் பிள்ளை பெடல் மிதிக்கிறது.

சரி, இத்தனை வண்டிகளையும் ஒழுங்குபடுத்தும் சிக்னலுக்கு வருவோம். டிராஃபிக் சிக்னல் மோட்டார் காரை விடப் பழையது, தெரியுமா? 1868 டிசம்பர் 10 அன்று லண்டனில் நாடாளுமன்றத்துக்கு எதிரே முதல் சிக்னல் கம்பம் நட்டார்கள். கார்ல் பென்ஸ் காருக்குக் காப்புரிமை வாங்கியது 1886-இல்தான்! அந்தக் கம்பம் ஒழுங்குபடுத்தியது குதிரை வண்டிகளை. ரயில்வே பொறியாளர் ஜே. பி. நைட் வடிவமைத்தது, உள்ளே எரிந்தது கேஸ் விளக்கு, கையால் திருப்பியவர் ஒரு போலீஸ்காரர். அடுத்த மாதமே, 1869 ஜனவரி 2-ஆம் தேதி, அது வெடித்து அவரே காயம்பட்டார். இன்னும் பெரிய ஆச்சரியம் பச்சை விளக்கு. அந்தக் கம்பத்தில் பச்சைக்குப் பொருள் ‘ஜாக்கிரதையாகப் போ’ என்பது! பச்சை விழுந்ததும் முறுக்கிக்கொண்டு பறக்கிறோமே, அந்த வழக்கம் பிறகு வந்தது. எனக்கென்னவோ பழைய பொருளே சரி என்று படுகிறது.

சிக்னல் இருக்கட்டும், நல்ல சாலை வேண்டும் என்று முதன்முதலாக அமைப்பு கட்டிப் போராடியவர்கள் யார்? சைக்கிள்காரர்கள்! இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 1880-களில் சைக்கிள் சங்கங்கள்தான் குண்டும் குழியும் இல்லாத ரோடு கேட்டு அரசாங்கத்தை உலுக்கின. கார் தெருவுக்கு வந்தபோது, சைக்கிள்காரன் கேட்டு வாங்கிய ரோடு அதற்காகக் காத்திருந்தது.

நெடுஞ்சாலையில் ஊர் முக்குகளில் மஞ்சள் விளக்கு ஒன்று விட்டுவிட்டு மின்னிக்கொண்டே இருக்குமே, கெட்டுப்போன சிக்னல் என்று நினைத்தீர்களா? இல்லவே இல்லை! வேகத்தைக் குறை, பார்த்துப் போ என்று அர்த்தம். சிவப்பு மின்னினால் முழுசாக நிறுத்தி, வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகவேண்டும். ஊர்ப்புறச் சாலையில் சைக்கிளுக்குத் துணை நிற்கும் சிக்னல் பெரும்பாலும் இந்த மஞ்சள்தான். அதையும் சட்டை செய்யாமல் பறப்பவர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

இனி சொல்லப்போவது, சைக்கிள் ஓட்டத் தெரிந்த எல்லாரும் செய்வது. ஆனால் அநேகமாக யாருக்குமே தெரியாதது. இடப்பக்கம் திரும்ப நினைக்கும்போது, சைக்கிளோட்டி முதலில் ஹேண்டில்பாரை வலப்பக்கம் ஒரு துளி திருப்புகிறார்! நம்ப முடியவில்லையா? காலியான பள்ளி மைதானத்தில் ஓட்டிப் பாருங்கள் (ரோட்டில் வேண்டவே வேண்டாம்). நிதானமான வேகம் பிடித்ததும், உள்ளங்கையை விரித்து இடது கைப்பிடியை முன்னால் மெதுவாகத் தள்ளுங்கள். சக்கரம் வலப்பக்கம் திரும்பும். சைக்கிளோ இடப்பக்கம் போகும்! காரணம் இதுதான். இடப்பக்கம் திரும்ப உடம்பு இடப்பக்கம் சாயவேண்டும். சக்கரம் கொஞ்சம் வலப்பக்கம் விலகினால்தான் உடம்பின் பாரம் இடப்பக்கம் விழும். அதன் பிறகே திருப்பம். ஏழெட்டு வயதில் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு, குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டபோது நம் கை இதைத் தானாகவே படித்துவிட்டது. தலைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. சைக்கிள் ஏன் விழாமல் ஓடுகிறது என்பதே இன்னும் முடிந்த கதை இல்லை: சக்கரம் சுழல்வதால்தான் நிற்கிறது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள்; 2011-இல் ஒரு விஞ்ஞானிகள் குழு அந்தச் சுழல்விசையை அடித்துப்போட்ட ஒரு விசேஷ சைக்கிளைத் தள்ளிவிட்டு, அதுவும் விழாமல் ஓடுவதைக் காட்டியது!

இப்போது அந்த ரகசியத்தை நெடுஞ்சாலைக்குக் கொண்டுவாருங்கள். வலப்பக்கம் உரசுகிற மாதிரி ஒரு டிப்பர் முந்துகிறது. பிள்ளை பயந்து இடப்பக்கம் ஒதுங்கப் பார்க்கிறது. ஒதுங்குவதற்கு முதலில் சக்கரம் வலப்பக்கம், அதாவது லாரியை நோக்கி, ஒரு துளி நகர்ந்தாக வேண்டும்! அந்தத் துளி இடமும் இல்லாவிட்டால் எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையானாலும் ஒதுங்க முடியாது. ஜெர்மனியில் சைக்கிளை முந்தும்போது ஊருக்குள் ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர் இடம் விடவேண்டும் என்று 2020-இல் விதியிலேயே எழுதினார்கள். பிரான்ஸில் 1 மீட்டர், ஒன்றரை மீட்டர். ஹாரன் அடித்தால் போதும் என்று நினைக்கும் டிரைவர் அண்ணன்களுக்கு இதை நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வேன்: ஹாரன் இடம் ஆகாது.

ரோட்டு ஓரத்துக்கும் இதே கணக்குத்தான். தார் முடிந்து மண் தொடங்கும் விளிம்பு பல இடங்களில் அரையடி பள்ளம். அதை ஒட்டியே ஓட்டினால், ரோட்டுக்கு உள்ளே வர சக்கரம் முதலில் வெளியே, பள்ளத்தின் பக்கம் போகும். அங்கே மாட்டிக்கொண்டால் ஆள் விழுவது ரோட்டின் மேல். ‘ஓரமாப் போ, ஓரமாப் போ’ என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்பும் நாம், விளிம்பிலிருந்து இரண்டு முழம் உள்ளே தள்ளி, வளையாமல் நேராகப் போகச் சொல்வதே பத்திரம்.

லாரி டிரைவருக்குக் கண் அவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எல்லாம் தெரியும் என்றுதானே நினைக்கிறோம்? நேர்மாறு! நம் ஊர் வண்டிகளில் ஸ்டியரிங் வலப்பக்கம். கேபினின் இடது கதவை ஒட்டித் தாழ்வாக நிற்கும் சைக்கிள் அவர் பார்வைக்கே வராமல் போகலாம். முன் பம்பருக்கு நேர் முன்னாலும் அப்படித்தான். சிக்னலில் நிற்கும் லாரியின் இடப்பக்கச் சந்தில் சைக்கிளை நுழைத்துக்கொண்டுபோய் முன்னால் நிற்பது கெட்டிக்காரத்தனமாகத் தோன்றும். ஊரிலேயே ஆபத்தான இடம் அதுதான். லாரி இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்திலேயே வராது! உள்ளே தள்ளி, ஓரத்தைச் சீவிக்கொண்டு வரும்; வண்டி நீளமாக நீளமாக இன்னும் உள்ளே வரும். முன்பாதி தாண்டிவிட்டது, தப்பித்தோம் என்று நிற்பவரை அந்தப் பின்சக்கரம் பிடிக்கும். லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரிகிறதா? தெரிந்தால் அவரும் உங்களைப் பார்க்க முடியும். தெரியவில்லையா, நீங்கள் அவருக்கு இல்லை. பின்னாலேயே நின்றுவிடுங்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஒவ்வொரு பிள்ளையையும் டிரைவர் சீட்டில் ஏற்றி, சுற்றி எந்தெந்த இடத்தில் நிற்கும் நண்பர்கள் தெரியவில்லை என்று காட்டினால், பத்துப் பாடத்துக்கு ஈடு.

இனி லாரியின் வேகம். நம் கங்கைகொண்ட சோழபுரம் கோயில் விமானம் ஏறக்குறைய 55 மீட்டர் உயரம். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் லோடு லாரியின் டிரைவர் எதையோ பார்த்து, காலை பிரேக்குக்குக் கொண்டுபோக ஒன்றரை விநாடி. அதற்குள் வண்டி 25 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்து, காய்ந்த ரோட்டில் நிற்க இன்னும் 28 மீட்டர். கூட்டிப் பாருங்கள், அந்த விமானத்தைப் படுக்கப் போட்ட நீளம்! அதே லாரி 30-இல் வந்தால்? 20 மீட்டருக்குள் நின்றுவிடும். வேகம் பாதியானால் பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் நாலில் ஒன்றாகக் குறையும். 2022-இல் நாட்டிலேயே அதிகமான சாலை விபத்துகள் நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள்.

உங்கள் சைக்கிளின் பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்கிறதே, அதே தத்துவத்தில் செய்த பொருள் நிலாவிலும் இருக்கிறது, தெரியுமா? 1969-இல் அப்போலோ 11 விண்வெளி வீரர்கள் அங்கே வைத்துவிட்டு வந்தது! உங்கள் ரிஃப்ளெக்டரைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து உற்றுப் பாருங்கள்: உள்ளே பொடிப்பொடியாகக் குழிகள், ஒவ்வொன்றிலும் மூன்று தளங்கள் செங்குத்தாகக் கூடும் ஒரு மூலை. அந்த மூலையில் விழும் ஒளி எந்தக் கோணத்தில் வந்தாலும், மூன்று தளத்திலும் பட்டு, வந்த திசைக்கே திரும்பிவிடும். நிலாவுக்கு லேசர் அனுப்பி, திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சென்டிமீட்டர் கணக்கில் அளப்பது இதை வைத்துத்தான். இங்கே, இருட்டில் லாரியின் ஹெட்லைட் ஒளி அப்படியே டிரைவரின் கண்ணுக்குத் திரும்பி, ‘முன்னால் ஆள் இருக்கிறது’ என்று சொல்கிறது. பேட்டரி வேண்டாம், டைனமோ வேண்டாம். ஒன்றே ஒன்று, சேறு படிந்தால் வேலை செய்யாது. வாரத்துக்கு ஒருதரம் சட்டை நுனியால் துடைத்தால் போதும்.

ஒரு காலத்தில் சைக்கிளுக்கும் வரி கட்டி, நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ தகர வில்லை வாங்கி மாட்ட வேண்டியிருந்தது, தெரியுமா? இரவில் விளக்கில்லாமல் போனால் கேஸ், டபுள்ஸ் போனால் கேஸ். சைக்கிளைச் சாலையின் ஒரு வண்டியாக அன்று மதித்தார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

வேறொரு மாவட்டத்துக் கதை ஒன்று. புதுக்கோட்டையில் 1991–92-இல் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் சொல்லிக்கொடுத்தது! அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். கிண்டலையும் கேலியையும் தாண்டி, லட்சம் பெண்கள் அளவுக்குக் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பேருக்கு மேல் மணியடித்தபடி ஊர்வலமே போனார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை உலகத்துக்கு எழுதிச் சொன்னார். பின்னர் 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய அரசின் விலையில்லாச் சைக்கிள் திட்டம் விரிந்து விரிந்து, இன்று அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கும் எல்லாருக்கும் கிடைக்கிறது. வண்டியைக் கொடுத்தோம், அது போக ஓர் ஓரப்பாதையும் சேர்த்துக் கொடுத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! நெதர்லாந்தை சைக்கிள் நாடு என்கிறோம். அங்கேயும் 1971-இல் ஒரே வருஷத்தில் சுமார் 3,300 பேர் சாலையில் செத்தார்கள், அதில் 400-க்கு மேல் குழந்தைகள். தாய் தகப்பன்மார் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் அந்த நாடு சைக்கிளுக்குத் தனிப்பாதை, தனி சிக்னல் என்று மாறியது.

கடைசியாக ஒன்று, இதை மட்டுமாவது நாலு பேருக்குச் சொல்லுங்கள். ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்று இன்னும் பலர் ஒதுங்கிப் போகிறார்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் உதவி செய்பவருக்குப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. நீங்களாக விரும்பாமல் உங்கள் பெயரைக்கூட யாரும் கட்டாயப்படுத்திக் கேட்க முடியாது! தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் எந்த ஊராக, எந்த நாடாக இருந்தாலும், 2021 டிசம்பர் 18-இல் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, அதற்கென்று வகுத்த தொகை வரை, அரசே ஏற்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் மட்டும் இல்லை, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் உண்டு. 108-ஐக் கூப்பிடுங்கள், வண்டி வரும்வரை அவர் பக்கத்திலேயே இருங்கள்.